வீடா, மருத்துவமனையா: போதை மீட்பு மையச் சாவுகளும் அமெரிக்கச் சட்டமும்



நலாக்சோன் என்னும் மருந்து 1961-ல் நியூயார்க்கில் உருவானது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் ஜாக் ஃபிஷ்மன். ஹெராயின் போன்ற அபின்வகைப் போதையால் மூச்சு அடங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அதைச் செலுத்தினால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். 1971-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. அவசரப் பிரிவுகளில் அந்த மருந்தால் பிழைத்தவர்களுக்குக் கணக்கில்லை. 2003-ல் ஃபிஷ்மனின் மனைவியுடைய மகன் ஹெராயின் அளவுமீறி இறந்துபோனார். மருந்தைக் கண்டவரின் குடும்பத்தாலும் அந்தச் சாவைத் தடுக்க முடியவில்லை.

மருந்து உலகில் இருப்பது வேறு. தேவைப்படும் நிமிடத்தில், அதைக் கையாளத் தெரிந்த ஒருவரோடு, அந்த அறைக்குள் இருப்பது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்கு யார் பொறுப்பு என்பதுதான் இந்தச் சொற்பொழிவின் பொருள்.

அமெரிக்காவில் 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும், ஆண்டுக்கு 1 லட்சம் பேருக்கு மேல் போதைப்பொருள் அளவுமீறி இறந்தார்கள். 2024-ல் அந்த எண்ணிக்கை சுமார் 80,000 ஆகக் குறைந்தது. இவர்களில் பெரும்பாலோர் வீட்டிலோ தெருவிலோ காரிலோ இறந்தவர்கள். ஒரு சிறு பகுதியினர் மட்டும், போதையை விடுவதற்காகச் சேர்ந்த மையத்துக்குள்ளேயே இறந்தவர்கள். பெற்றோர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் பணம் கட்டி, பெட்டியை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். சில நாள் கழித்துத் தொலைபேசி அழைக்கிறது. அந்தக் குடும்பம் நீதிமன்றத்தில் என்ன கேட்கலாம்?

கேட்பதற்கு முன்னால் ஒரு சிக்கல் எழுகிறது. அந்த மையம் எத்தகைய இடம்? மருத்துவமனையா, வீடா? அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு ஒற்றை விடை இல்லை. விடை இல்லாததால் யாருக்கு ஆதாயம் என்று பார்த்தால் பல முடிச்சுகள் அவிழ்கின்றன.

கவிழ்ந்த வண்டியும் ஆங்கிலேய நீதிபதியும்

இறந்தவருக்காக இழப்பீடு கேட்பது பழங்காலம் முதல் இருந்துவரும் உரிமை என்று தோன்றும். ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தில் அப்படி இல்லை. 1808-ல் இங்கிலாந்தில் ஒரு குதிரைவண்டி கவிழ்ந்தது. மேல்தட்டில் உட்கார்ந்திருந்த கணவருக்கும் மனைவிக்கும் காயம். மனைவி ஏறத்தாழ ஒரு மாதம் கிடந்து இறந்தார். கணவர் வழக்குத் தொடுத்தார். நீதிபதி எல்லன்பரோ பிரபு, மனைவி உயிரோடு இருந்த அந்த நாட்களின் துயரத்துக்கு மட்டும் இழப்பீடு உண்டு, இறப்புக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார். மனித உயிர் போனதை உரிமையியல் நீதிமன்றத்தில் ஒரு நட்டமாகக் கொண்டுவர முடியாது என்பது அவர் வைத்த விதி. கையை ஒடித்தால் பணம் கட்டவேண்டும். ஆளையே கொன்றுவிட்டால் கட்டவேண்டாம் என்ற விசித்திர நிலை இதனால் உண்டானது.

ரயில் வந்து விபத்துகள் பெருகிய பிறகுதான் சட்டம் அசைந்தது. 1846-ல் கேம்பெல் பிரபுவின் சட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டே நியூயார்க் மாநிலம் அதைப் பின்பற்றியது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. உரிமை பொதுச்சட்டத்திலிருந்து வராமல் அந்தந்தச் சட்டமன்றம் கொடுத்ததாக இருப்பதால், யார் வழக்குப் போடலாம், எதற்குப் பணம் கேட்கலாம், எத்தனை நாளுக்குள் கேட்கவேண்டும் என்பவை மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. நியூயார்க்கில் இன்றும் பெரும்பாலும் பொருள் இழப்புக்குத்தான் கணக்கு, துக்கத்துக்கு இல்லை. அதை மாற்றச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் கேத்தி ஹோக்குல் 2024 முடிவதற்குள் மூன்று முறை திருப்பி அனுப்பினார்.

உடல் மறந்துபோகும் அளவு

மீட்பு மையத்தில் நேரும் சாவை விதி என்றோ தற்செயல் என்றோ ஒதுக்கிவிட முடியாததற்குக் காரணம், அந்த ஆபத்து நன்றாகத் தெரிந்த ஒன்று என்பதே.

தினமும் ஹெராயின் எடுப்பவரின் உடல் அதற்குப் பழகிவிடுகிறது. பழகாதவரைக் கொல்லும் அளவு அவருக்கு வெறும் வழக்கமான அளவு. மையத்தில் சேர்ந்து இரண்டு மூன்று வாரம் விட்டிருந்தால் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். ஆசை மட்டும் கலையாது. அப்போது பழைய அளவை எடுத்தால் மூச்சு நிற்கிறது. பிரிட்டனில் 137 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2003-ல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. சிகிச்சை முடிந்த நான்கு மாதத்துக்குள் அளவுமீறி இறந்த மூவரும், நச்சு நீக்கத்தை, அதாவது உடலிலிருந்து போதையை இறக்கும் சிகிச்சையை, முழுமையாக முடித்து உடல் தாங்குதிறனை இழந்த 37 பேரைச் சேர்ந்தவர்கள். பாதியில் விட்டு ஓடியவர்களில் ஒருவரும் அப்படி இறக்கவில்லை. வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்கள் பற்றி 2007-ல் வந்த ஆய்வு இன்னும் கடுமையானது. வெளிவந்த முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் அளவுமீறிச் சாகும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் 129 மடங்கு.

ஆகவே நச்சு நீக்கம் முடிந்து, நல்லபடியாக இருக்கிறார் என்று மையம் எழுதிக்கொள்ளும் நாள்தான் மிக ஆபத்தான நாள். அந்த நாளில் யாரோ ஒருவர் காலுறைக்குள் மறைத்து ஃபென்டனில் என்னும் கடும் அபின்வகைப் போதையைக் கொண்டுவந்துவிட்டால் போதும். சுமார் 2 மில்லிகிராம், அதாவது பென்சில் முனையில் நிற்கும் தூள், ஒருவரைக் கொல்லக்கூடும் என்கிறது அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு நிர்வாகம்.

மையமே கொடுக்கும் மருந்தாலும் ஆபத்து வரலாம். ஹெராயினுக்கு மாற்றாகத் தரப்படும் மெத்தடோன் பல்லாயிரம் பேரை வாழவைக்கும் மருந்து. ஆனால் அது உடலில் நெடுநேரம் தங்கி, வேளைக்கு வேளை சேர்ந்துகொண்டே போகும். தொடங்கிய முதல் இரண்டு வாரம் அளவை மெதுவாக ஏற்றவேண்டும். நேற்றைய வேளை இன்னும் இறங்காதபோது இன்றைய வேளையும் சேர்ந்தால், பகலில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் இரவில் எழாமல் போவார்.

இரவு என்பதுதான் இந்த வழக்குகளின் மையக் காட்சி. பல மையங்களில் 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஊழியர் அறையை எட்டிப் பார்த்துப் பதிவேட்டில் குறிக்கவேண்டும். அபின்வகைப் போதை அளவுமீறியவர் பல வேளைகளில் அமைதியாகச் சாவதில்லை. தொண்டையில் நீர் கொதிப்பதுபோல் உரத்த குறட்டை வரும். பயிற்சி இல்லாத ஊழியர் அதைக் கேட்டு, பிள்ளை அயர்ந்து தூங்குகிறான் என்று குறித்துவிட்டுப் போகிறார். பிராணவாயு இல்லாமல் மூளை தாங்குவதோ நான்கைந்து நிமிடம்.

வழக்கறிஞர்கள் முதலில் கேட்டு வாங்குவது அந்தப் பதிவேட்டைத்தான். ஒரே பேனாவால், ஒரே கையெழுத்தில், நிமிடம் பிசகாமல் இரவு முழுக்கக் குறிகள் இருந்தால் ஐயம் வருகிறது. நடைவழிக் கேமராவை எடுத்துப் பார்க்கிறார்கள். குறி இருக்கும் நேரத்தில் நடைவழியில் ஆள் இல்லை என்றால் வழக்கில் பாதி முடிந்துவிட்டது. பையைச் சோதித்தார்களா, சிறுநீர்ச் சோதனையில் போதை காட்டிய பிறகு என்ன செய்தார்கள், நலாக்சோன் எந்த அலமாரியில் இருந்தது, அதன் சாவி யாரிடம் இருந்தது, 911 என்ற அவசர உதவி எண்ணை அழைக்குமுன் முதலாளியை அழைத்தார்களா என்று கேள்விகள் நீளும். கடமை இருந்ததா, அது மீறப்பட்டதா, அந்த மீறலால்தான் சாவு வந்ததா, அதனால் குடும்பம் என்ன இழந்தது என்ற நான்கும் நிரூபணமாக வேண்டும்.

வீடு என்ற நல்ல பெயர்

மீட்பு மையம் வீடு என்று சொல்லிக்கொள்வது சூழ்ச்சியாகத் தொடங்கியதில்லை. 1975-ல் மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங்கில் ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுஸ் என்ற ஒரு வாடகை வீடு தொடங்கியது. குடியை விட்டவர்கள் கூடி வாழ்ந்து, தாங்களே வாடகை பிரித்து, தங்களுக்குள் தேர்தல் வைத்து நடத்திய வீடு. சம்பளம் வாங்கும் ஊழியர் கிடையாது. போதைக்குத் திரும்பினால் வெளியேற்றம் என்பது அதன் அடிப்படை விதி. அக்கம்பக்கத்தார் இப்படிப்பட்ட வீடுகளை விரட்டப் பார்த்தார்கள். 1988-ல் திருத்தப்பட்ட கூட்டரசு வீட்டுரிமைச் சட்டம், போதையிலிருந்து மீள்பவர்களையும் பாகுபாட்டிலிருந்து காத்தது. 1995-ல் எட்மண்ட்ஸ் நகரத்துக்கும் ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுஸுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் வீட்டின் பக்கம் நின்றது. பாடுபட்டு வாங்கிய உரிமை அது.

பிறகு பணம் வந்தது. 2008-ல் போதைச் சிகிச்சைக்கும் மற்ற நோய்களுக்கு இணையான காப்பீடு வேண்டும் என்ற சட்டம். 2010-ல் ஒபாமா காலச் சட்டம் அந்தச் சிகிச்சையைக் கட்டாயப் பயன்களில் சேர்த்தது; பிள்ளைகள் 26 வயதுவரை பெற்றோரின் காப்பீட்டிலேயே இருக்கலாம் என்றும் சொன்னது. நல்ல எண்ணத்தோடு வந்த இரண்டு சட்டங்களும், போதைக்கு அடிமையான இளைஞர் ஒவ்வொருவரையும் ஒரு காப்பீட்டு அட்டையாக மாற்றிவிட்டன.

தெற்கு ஃப்ளோரிடாவில் ஆள் பிடிக்கும் தரகர்கள் முளைத்தார்கள். சோபர் ஹோம் எனப்படும் வீட்டில் வாடகையில்லாமல் தங்கவைத்து, பகலில் ஒரு கிளினிக்குக்கு அனுப்பி, அங்கே நாள்தவறாமல் சிறுநீர்ச் சோதனை செய்து காப்பீட்டில் கறந்தார்கள். சிறுநீருக்குத் திரவத் தங்கம் என்று அந்தத் தொழிலில் பெயர். காப்பீடு தீர்ந்தால் மறுபடி போதைக்குத் திரும்பவேண்டும். திரும்பினால் புதிய சுற்று தொடங்கும். இந்தச் சுழற்சிக்கு ஃப்ளோரிடா ஷஃபிள் என்று பெயர் வைத்தார்கள். சீட்டுக்கட்டைக் கலைத்துக் கலைத்துப் போடுவதுபோல் ஆட்களைக் கலைத்துப் போட்டார்கள். கென்னத் சாட்மன் என்பவர் இப்படி நடத்திய வீடுகளில் தங்கியவர்களுக்குப் போதை தாராளமாகக் கிடைத்தது. பெண்கள் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்டார்கள். 2017-ல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 27 ஆண்டு 6 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். மீட்பு மையங்களுக்கு ஆள் சேர்த்துக் கமிஷன் வாங்குவதைக் குற்றமாக்கும் கூட்டரசுச் சட்டம் 2018-ல் வந்தது.

கலிஃபோர்னியாவில் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. அங்கே தங்கிச் சிகிச்சை பெறும் மையங்களுக்கு மருத்துவமற்ற நிலையங்கள் என்ற வகையில் உரிமம் கிடைத்தது. மருத்துவம் பார்க்கக் கூடாது என்பதே விதி. ஆனால் நச்சு நீக்கத்துக்கு வருபவர் நோயாளி. 2012-ல் மாநில செனட்டின் கண்காணிப்பு அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்தவர்களை இந்த மையங்கள் சேர்த்துக்கொண்டதையும், சாவு நேர்ந்த பிறகும் மேற்பார்வைத் துறை சுணங்கியதையும் விவரித்தது. 2015-ல்தான், மருத்துவர் வந்து துணைச் சிகிச்சை தரலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது.

25-க்கும் 26-க்கும் நடுவே

இனி நீதிமன்றத்துக்கு வரலாம். உங்கள் மையத்தில் இரவில் ஏன் செவிலியர் இல்லை என்று குடும்பம் கேட்கும்போது, இது மருத்துவமனை இல்லை, கூடி வாழும் வீடு என்கிறது எதிர்த்தரப்பு. இழப்பீட்டுத் தொகையைப் பேசும்போது அதே தரப்பு, இது மருத்துவக் கவனக்குறைவு வழக்கு, மருத்துவர்களுக்குரிய பாதுகாப்பு எங்களுக்கும் வேண்டும் என்கிறது. இந்த இரட்டை வாதத்தால் என்ன கிடைக்கும் என்பதை ஃப்ளோரிடாவின் சட்டம் வெளிச்சமாகக் காட்டுகிறது.

அங்கே மருத்துவக் கவனக்குறைவால் ஒருவர் இறந்தால், அவருக்கு வயது 25 ஆகியிருந்தால், துணையும் பிள்ளையும் இல்லாவிட்டால், பெற்றோர் தங்கள் மனவேதனைக்கு ஒரு காசும் கேட்க முடியாது. அதே ஆள் லாரி மோதி இறந்திருந்தால் கேட்கலாம். 1990 முதல் இருக்கும் இந்த விதியை அம்மாநில மக்கள் இலவசக் கொலை என்று கசப்போடு அழைக்கிறார்கள். 2025-ல் சட்டமன்றம் இதை நீக்கும் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் ரான் டிசாண்டிஸ் அதைத் தம் அதிகாரத்தால் தடுத்துவிட்டார்.

மீட்பு மையத்தில் இறப்பவர்களில் மணமாகாத இளைஞர்கள் பலர். ஆகவே அந்த விதி இவர்கள் பெற்றோர்மேல் நேராக விழுகிறது. இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கோரமான கணக்கு தெரியும். 26 வயதுவரை பிள்ளை பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம். 25 வயதானதும் பெற்றோரின் துக்கத்துக்கு மதிப்பில்லை. நடுவிலுள்ள அந்த ஓராண்டில் பில் அனுப்பும்போது அவன் இவர்களுடைய பிள்ளை. செத்துப்போனால் இவர்களுக்கு உரிமை இல்லாத ஒரு பெரியவன்.

தப்ப ஒரே வழி, நடந்தது மருத்துவக் கவனக்குறைவு ஆகாது, சாதாரணக் கவனக்குறைவு என்று காட்டுவது. இதற்கு ஒரு நல்ல துணை இருக்கிறது. 2018-ல் நேஷனல் டெஃப் அகாடமி வழக்கில் ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம், தங்கிச் சிகிச்சை பெறும் நிலையத்தில் நடந்த எல்லாவற்றையும் மருத்துவம் என்று சொல்லிவிட முடியாது என்று தீர்ப்பளித்தது. அங்கே ஊழியர்கள் ஒரு பெண்ணைப் பிடித்து அடக்கியதில் முழங்காலில் காயம்பட்டு, கடைசியில் அவர் கால் போய்விட்டது. அந்தப் பிடிக்கு மருத்துவ அறிவோ மருத்துவ மதிப்பீடோ வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். பையைச் சோதிப்பதற்கும், இரவில் நடந்துபோய் எட்டிப் பார்ப்பதற்கும் மருத்துவப் பட்டம் வேண்டுமா என்ற கேள்வியை இதிலிருந்து எழுப்பலாம்.

கலிஃபோர்னியாவில் இதே மல்லுக்கட்டு தொகையின் உச்சவரம்பைப் பற்றியது. 1975-ன் சட்டம் மருத்துவ வழக்குகளில் மனவேதனைக்கான தொகையை 2,50,000 டாலரில் நிறுத்தியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அது அசையவில்லை. 2023 முதல் இறப்பு வழக்குகளுக்கு 5,00,000 டாலராக உயர்ந்து, பத்தாண்டுகளில் 10 லட்சத்தைத் தொடவிருக்கிறது. மருத்துவமற்ற நிலையம் என்று உரிமம் வாங்கிய மையத்துக்கு இந்த மருத்துவ வரம்பு பொருந்துமா என்பதில்தான் பல லட்சம் டாலர் நிற்கிறது.

அவனேதானே எடுத்தான்

எதிர்த்தரப்பின் கடைசி ஆயுதம் எளிமையானது. யாரும் வாயில் ஊற்றவில்லை, அவனே எடுத்துக்கொண்டான். அலபாமா, மேரிலாந்து, வட கரோலினா, வர்ஜீனியா ஆகிய நான்கு மாநிலங்களில், இறந்தவர் மேல் சிறு பங்கு தவறு இருந்தாலும் வழக்கு பெரும்பாலும் வீழ்ந்துவிடும். கலிஃபோர்னியாவில் 1975 முதல், பங்குக்கு ஏற்பத் தொகை குறையுமே தவிர வழக்கு சாகாது. ஃப்ளோரிடாவில் தனியாக ஒரு விதி உண்டு. போதையின் பிடியில் இருந்தவர், அதன் விளைவாகத் தம் கேட்டுக்குத் தாமே பாதிக்கு மேல் காரணம் என்று ஆனால், ஒன்றும் கிடைக்காது. எந்த நோய்க்காகச் சேர்த்தார்களோ அந்த நோயே மையத்தின் கேடயமாகிவிடுகிறது.

குடும்பத்தின் வழக்கறிஞர்கள் இதற்குச் சொல்லும் மறுமொழியில் வலு இருக்கிறது. நீச்சல் தெரியாதவருக்காகத்தான் காவலாளி நிற்கிறார். மூழ்கியவரைப் பார்த்து, உனக்கு நீச்சல் தெரியவில்லை என்று அவர் சொல்ல முடியாது. போதையை மறுக்க முடியாத நிலையை விற்பனைக் கையேட்டிலேயே நோய் என்று அச்சிட்ட மையம், நீதிமன்றத்தில் மட்டும் அதை ஒழுக்கக்கேடு என்று எப்படிச் சொல்லும்?

எல்லா மையங்களையும் ஒரே தட்டில் வைத்தல் ஆகாது. இரவெல்லாம் விழித்திருந்து மூச்சை எண்ணும் ஊழியர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். இழப்பீடு ஏறினால் காப்பீட்டுக் கட்டணம் ஏறும், சிறிய நல்ல இடங்கள் மூடிவிடும் என்ற அச்சமும் பொய்யில்லை. ஆனால் தரத்தைக் கேட்டால் வீடு, தொகையைக் கேட்டால் மருத்துவமனை என்ற வசதி நல்ல மையத்துக்குத் தேவைப்படுவதில்லை.

உரிமை இருக்கிறது, எதிரி இல்லை

அரிசோனாவில் சட்டம் தாராளமானது. உயிரிழப்புக்கான இழப்பீட்டுக்கு வரம்பு வைக்கக் கூடாது என்று அம்மாநில அரசமைப்பே தடுக்கிறது. ஆயினும் மிகப் பெரிய கொடுமை அங்கேதான் நடந்தது. பழங்குடியினருக்கான அரசு மருத்துவத் திட்டத்தின் பணத்துக்காக, நவஹோ முதலிய சமூகத்தாரை ஊர்களிலிருந்து வேன்களில் ஏற்றிவந்து ஃபீனிக்ஸ் பகுதி வீடுகளில் அடைத்தார்கள். நடக்காத சிகிச்சைக்கு அரசிடம் கணக்கு எழுதினார்கள். 2023 மே மாதம் ஆளுநர் கேட்டி ஹாப்ஸும் தலைமை வழக்கறிஞர் கிரிஸ் மேயஸும் மோசடியை அறிவித்துப் பணத்தை நிறுத்தினார்கள். மோசடித் தொகை 200 கோடி டாலருக்கு மேல். வீடுகள் திடீரென்று பூட்டிக்கொள்ள, தங்கியிருந்தவர்கள் தெருவில் நின்றார்கள். 2022-க்கும் 2024-க்கும் இடையில் அந்த வீடுகளிலும் மையங்களிலும் குறைந்தது 40 பழங்குடியினர் இறந்ததைப் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் இதழாளர்கள் பதிவுசெய்தார்கள். அவற்றுள் பல போதையாலும் குடியாலும் நேர்ந்தவை.

யார்மேல் வழக்குப் போடுவது? நிறுவனம் கலைந்துவிட்டது, உரிமையாளர் ஊரில் இல்லை. மிஞ்சியது மேற்பார்வை செய்யத் தவறிய அரசு. அரசுமேல் என்றால் 180 நாளுக்குள் முன்னறிவிப்புக் கொடுக்கவேண்டும். மகன் எந்த வீட்டில் இருந்தான் என்பதையே மாதக்கணக்கில் தேடிய குடும்பத்துக்கு 180 நாள் எம்மட்டு?

அதே வேரின் இந்தியக் கிளை

1846-ன் ஆங்கிலேயச் சட்டத்துக்கு இந்தியாவிலும் ஒரு பிள்ளை உண்டு. 1855-ஆம் ஆண்டின் உயிர்ச்சேத விபத்துச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளை ஆகியோரின் பயனுக்காக வழக்குத் தொடுக்கலாம் என்கிறது அது. பெற்றோர் கேட்பதற்கு, இறந்த பிள்ளையின் வயதுக்கு வரம்பு எதுவும் வைக்கவில்லை. மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. மது, போதைப்பொருள் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம். வீடா, மருத்துவமனையா என்ற கேள்விக்கு நம் ஏடுகளில் விடை ஓரளவு தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது.

இந்த அவையிலிருக்கும் சட்ட மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படிப்பை முடித்துத் தொழிலுக்கு வந்தபின், ஒரு தாய் மீட்பு மையத்தின் ரசீதை எடுத்துக்கொண்டு உங்களிடம் வருவார். சாவுக்குக் காரணமான பொருள் எது என்று தேடுமுன், மையத்தின் உரிமத்தையும் விளம்பரத் தாளையும் இரவுப் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். மூன்றும் ஒரே இடத்தைப் பற்றிப் பேசுகின்றனவா என்று பாருங்கள். பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் யாராவது இங்கே இருந்தால், அவர்கள் கையெழுத்துப் போடுமுன் கேட்கவேண்டியவை மூன்று: இரவு இரண்டு மணிக்கு இங்கே விழித்திருப்பவர் யார், அவருக்கு என்ன பயிற்சி, மூச்சு நின்றால் செலுத்தும் மருந்து எந்த அறையில் இருக்கிறது?